ஆறு பக்கங்களுக்குள் ஒரு சொல்

ஆய்வுக் கட்டுரையை வடிவமைக்கும் உழைப்புக்கு ஆய்வுலகில் மதிப்பு மிகக் குறைவு. கருதுகோள், தரவு, பகுப்பாய்வு ஆகியன குறித்து நெறியாளர்கள் மாணவரோடு மணிக்கணக்கில் உரையாடுவர். பக்க ஓரம், எழுத்துரு, அட்டவணையின் தலைப்பு, துணைநூற்பட்டியலின் ஒழுங்கு ஆகியனவோ கடைசி இரவு வேலைகளாக ஒதுக்கப்படும். பலர் அவற்றைக் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் ஒப்படைத்துவிடுவதும் உண்டு. இந்தப் பிரிவினை எல்லாக் கட்டுரைக்கும் பொருந்துவதில்லை. மொழியையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட கட்டுரையில் வடிவம் தவறினால் வாதமும் தவறிவிடும். மாஹிமில் வசிக்கும் ஆய்வு மாணவி ஒருவர் ஆறு பக்கக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை அணியமாக்கிய அனுபவம் இதற்குச் சான்று.

மாஹிம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கினால் தர்காவுக்கும், புதன்கிழமை நவநாளுக்குப் பெயர்பெற்ற புனித மைக்கேல் தேவாலயத்துக்கும், கடலோரத்துக் கோலிவாடாவுக்கும் செல்லலாம். கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து பல தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழரின் பேச்சில் மராத்தியும் இந்தியும் எவ்வாறு கலந்துள்ளன என்பதே அம்மாணவியின் ஆய்வுப் பொருள். அவர் திரட்டிய சொற்களில் ஒன்று ‘கோலி’.

எளிய சொல்லாகத் தோன்றும் இது, தமிழ் எழுத்தில் எழுதப்படும்போது பல சொற்களை ஒன்றாக்கிவிடுகிறது. மராத்தியில் அறையைக் குறிக்கும் சொல், மூச்சொலியோடு கூடிய ககரத்தில் தொடங்கி லகரத்தில் முடிகிறது. மீனவச் சமூகத்தைக் குறிக்கும் சொல், மூச்சொலியற்ற ககரத்தில் தொடங்கி ளகரம் கொள்கிறது. மாத்திரையையும் துப்பாக்கிக் குண்டையும் குறிக்கும் சொல்லோ அதிரொலிக் ககரத்தில் தொடங்கி ளகரம் கொள்கிறது. இந்தியில் அது லகரமாகிவிடுகிறது. மராத்தி பேசுவோருக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று சொற்கள். தமிழில் எழுதும்போது மூன்றும் பெரும்பாலும் ‘கோலி’ என்றே அமைகின்றன. சிறுவர் விளையாடும் கோலிக்குண்டையும் சேர்த்தால் பொருள் நான்காகிறது.

இக்குழப்பத்தைத் தமிழ் அச்சுலகம் முன்பே அறிந்திருந்தது. வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவோர் ககரத்தின் அருகே 2, 3, 4 எனச் சிற்றெண்களை இட்டு நான்கு ஒலிகளையும் வேறுபடுத்தி வந்துள்ளனர். மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்களில் பாராயண நூல் வைத்திருப்போருக்கு இம்முறை பழக்கமானதே. ஆனால் தாராவியில் கடிதம் எழுதுபவரோ கடைப் பலகை எழுதுபவரோ சிற்றெண் இடுவதில்லை. அவர்கள் எப்படி எழுதுகிறார்கள், எப்படி ஒலிக்கிறார்கள், அச்சொல் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் காட்ட ஆய்வாளருக்கு மூன்று வடிவங்கள் தேவை. எழுத்து வழக்குக்குத் தமிழ் வரிவடிவம், மூலத்துக்குத் தேவநாகரி, ஒலிப்புக்குப் புள்ளியும் கோடும் இட்ட உரோமன் ஒலிபெயர்ப்பு. இம்மூன்றில் எது குறைந்தாலும் வாசகர் மூன்று சொற்களை ஒன்றாகவே காண்பார்.

தரவு தந்தவர்களுள் ஒருவர் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டி வசிக்கும் ஓர் ஆச்சி. ஒலிப்பதிவு முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே: “எம்மா, நான் சொன்னத அப்படியே எழுதணும், மாத்திப் போட்டுறாத.” மாணவி, “சரி ஆச்சி, அப்படியே போடுறேன்” என்றார். ஆய்வு நெறிமுறைப் படிவங்களில் இதற்கென ஒரு கட்டம் இல்லை. ஆனால் களஆய்வின் முதல் ஒப்பந்தம் அதுதான்.

கட்டுரை அனுப்பப்பட்டது பல துறையினரும் கூடும் ஆங்கிலவழிக் கருத்தரங்கு ஒன்றுக்கு. வார்ப்புரு பொறியியல் உலகிலிருந்து வந்தது. மாணவர்கள் ‘ஐ-டிரிபிள்-ஈ ஃபார்மட்’ என வழங்கும் இரு நெடுவரிசை அமைப்பு. தலைப்பு 24 புள்ளி, உடற்பகுதி 10 புள்ளி, சுருக்கம் 9 புள்ளி, மேற்கோள் பட்டியல் 8 புள்ளி; எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன்; ஒவ்வொரு நெடுவரிசையும் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் அகலம். பக்க வரம்பு ஆறு. இவ்விதிகளைக் கண்டு சலித்துக்கொள்வது எளிது. ஆனால் அவற்றுக்கு வரலாறு உண்டு. இறுதிப் படியை இன்றும் ‘கேமரா ரெடி’ என அழைப்பதற்குக் காரணம், ஆசிரியர் தட்டச்சு செய்து அனுப்பிய தாளையே புகைப்படம் எடுத்து அச்சுத்தகடு செய்த காலம் ஒன்று இருந்ததுதான். அக்காலத்தில் அச்சுக்கோப்பவரோ படி திருத்துபவரோ இடையில் இல்லை. ஆசிரியர் செய்த பிழை அப்படியே நூலாயிற்று. நூறு கட்டுரைகள் ஒரே தொகுதியில் ஒத்த தோற்றத்தோடு அமையவும், வாசகர் தேடுவதை உரிய இடத்தில் காணவும் கண்ட ஏற்பாடே வார்ப்புரு. அந்த வகையில் அது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

இடர்ப்பாடு வேறோர் இடத்தில் உள்ளது. வார்ப்புருவை ஆக்கியவரின் மனத்தில் இருந்தது ஒரே வரிவடிவம். வேர்டு கோப்புகளில் உரோமன் எழுத்துக்கு ஓர் அளவும், தமிழ், தேவநாகரி போன்ற ‘சிக்கலான வரிவடிவங்களுக்கு’ மற்றோர் அளவுமாகத் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். வார்ப்புருவின் பாணி உரோமனுக்கு 10 புள்ளி என வகுத்துவிட்டு மற்றதை வகுக்காமல் விட்டிருந்தால், தமிழ்ச் சொல் அமரும் இடமெல்லாம் எழுத்து பெருத்தும் வரி விலகியும் நிற்கும். மாணவர் பலர் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்துக் கையால் அளவு மாற்றுகின்றனர். அடுத்த முறை பாணியைப் புதுப்பித்தவுடன் அவ்வுழைப்பு வீணாகிவிடக்கூடும். பாணி அமைப்பிலேயே சிக்கலான வரிவடிவத்துக்குரிய எழுத்துருவையும் அளவையும் ஒருமுறை வகுத்துவிடுவதே நிலையான வழி. அம்மாணவி இதைக் கண்டறிய இரண்டு இரவுகள் ஆயின.

அடுத்தது வரியின் அகலம். தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன’ போன்ற சொல் ஒன்றே ஒன்பது சென்டிமீட்டர் வரியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சொல்லை இடையில் முறிக்காமல் இருபுறமும் வரியைச் சீராக்கினால், எஞ்சிய சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். லேடெக் பயன்படுத்துவோருக்குத் தமிழ்ச் சொல்முறிப்பு விதிகள் கிடைக்கின்றன. வேர்டு பயன்படுத்துவோர் தமிழ் எடுத்துக்காட்டுகளை மட்டும் இடப்பக்கம் சீராக்குவது நன்று. இங்கே வேடிக்கையான ஓர் ஏற்றத்தாழ்வும் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்து சொற்களாகும் கருத்து தமிழில் இரண்டே சொற்களில் அடங்கலாம் என்பதால், சொல்லெண்ணிக்கை வரம்பு தமிழுக்குச் சலுகையாக அமைகிறது. பக்க வரம்போ தமிழைத் தண்டிக்கிறது.

மூன்றாவது சிக்கல் ஒலிபெயர்ப்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கையாண்ட முறையாயினும், 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15919 முறையாயினும், ளகரத்துக்கு எல்லின் கீழ்ப் புள்ளியும் நெடிலுக்கு மேற்கோடும் இன்றியமையாதவை. எழுத்துருவில் அவ்வுறுப்பு இல்லையெனில் கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கும். சொல்லின் நடுவே ஒரு எழுத்து மட்டும் தடித்தோ சரிந்தோ நிற்கும். சிலவேளை வெறும் கட்டமாகிவிடும். புள்ளி உதிர்ந்தால் மீனவரும் அறையும் மீண்டும் நெருங்கிவிடுவர். ஜென்டியம், சாரிஸ் போன்ற கட்டணமில்லா எழுத்துருக்கள் இக்குறிகளை முழுமையாகக் கொண்டவை. ஒலிபெயர்ப்புக்கு மட்டும் அவற்றைக் கையாள அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலான அமைப்பாளர்கள் மறுப்பதில்லை. கேட்பதற்குத்தான் மாணவர் தயங்குகின்றனர்.

இந்தச் சிறு போராட்டம் மும்பையில் நிகழ்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. விண்டோஸ் 2000 கணினிகளோடு வந்த ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துருவும் ‘மங்கள்’ என்னும் தேவநாகரி எழுத்துருவும் இதே நகரத்தில், ஒரே மனிதரின் தலைமையில் வரையப்பட்டவை. அவர் இரகுநாத் கிருஷ்ண ஜோஷி; மராத்திக் கவிஞர், எழுத்தோவியர், பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் 1983 முதல் 1996 வரை கற்பித்தவர், பின்னர் ஜூஹூவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் இந்திய எழுத்துருக்களை உருவாக்கியவர். 2008இல் மறைந்தார். அதற்கு முன்பு தமிழில் கணினிவழி எழுதியோர் பாமினி, வானவில் எனத் தத்தம் எழுத்துருவுக்குரிய குறியேற்றங்களில் சிதறிக் கிடந்தனர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகளின் பெரும் கவலை, ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் படிக்க இயலவில்லை என்பதே. ஒருங்குறி பரவி, ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துரு ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே இருக்கும் நிலை வந்தபின்பே, அனுப்பிய கட்டுரை மறுமுனையில் கட்டங்களாகாமல் திறந்தது. தாராவித் தமிழையும் மராத்தியையும் அருகருகே வைக்கும் ஒரு கட்டுரையில் லதாவும் மங்களும் அருகருகே நிற்பது தற்செயலே. எனினும் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பின்னாலிருக்கும் மனித உழைப்பை ஆய்வாளர் அறிந்திருப்பது நல்லது.

மதிப்பீட்டாளரின் குறிப்பு மூன்று வாரங்களில் வந்தது. கருத்து ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் உரோமன் அல்லாத எழுத்துகளை நீக்க வேண்டும், ஒலிபெயர்ப்பு போதும் என்றும், இயலாவிடில் அவற்றைப் படமாக ஒட்டலாம் என்றும் இரு வழிகள் சொல்லப்பட்டிருந்தன. இத்தகைய குறிப்புகளில் பகைமை ஏதுமில்லை. தொகுப்பாளரின் சுமையைக் குறைக்கும் எண்ணமே உள்ளது. நெறியாளரும், “வாங்கிப் போட்டு வெளியிடும்மா, ஆய்வேட்டில் விரிவாக எழுதிக்கொள்ளலாம்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரு கருத்தரங்க உரைகளும் கட்டாயம் என்றன. 2022 விதிகள் அக்கட்டாயத்தை நீக்கினாலும், ஆய்வு மாணவர் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. ஒரு கட்டுரை கைநழுவுவதை எவரும் விரும்புவதில்லை.

அவர் அனுப்பிய பதில் ஒரு பக்கம்தான். தமிழ் வரிவடிவத்தை நீக்கினால், மூன்று சொற்கள் எழுத்தில் ஒன்றாகின்றன என்னும் கட்டுரையின் மையக் கருத்துக்கே சான்று இல்லாமற்போகும் என்பது முதல் வாதம். படமாக ஒட்டினால் தேடுபொறி அதை எழுத்தாக அறியாது. திரைவாசிப்பான் துணையோடு படிக்கும் பார்வையற்ற ஆய்வாளருக்கும் அங்கே வெறும் மௌனமே கிட்டும் என்பது இரண்டாம் வாதம். எழுத்துருக்கள் யாவும் கோப்பினுள் பொதிக்கப்பட்டுள்ளன, ஆதலால் எக்கணினியிலும் எழுத்துச் சிதையாது என்ற உறுதி மூன்றாவது. வாதத்தோடு நிறுத்தாமல் விட்டுக்கொடுக்கவும் செய்தார். உடற்பகுதியில் ஆங்காங்கே இருந்த தேவநாகரியையும் தமிழையும் எடுத்துவிட்டு, அனைத்தையும் ஒரே அட்டவணையில், இரு நெடுவரிசையையும் கடந்து நீளும் அகலத்தில் அமைத்தார். வாக்கிய எடுத்துக்காட்டுகளில், லைப்சிக் விதிகளின்படி முதல் வரியில் ஒலிபெயர்ப்பு, இரண்டாம் வரியில் உருபன்வாரிப் பொருள், மூன்றாம் வரியில் மொழிபெயர்ப்பு என அமைத்து, உருபுகளை நேர்க்கோட்டில் நிறுத்த இடைவெளிப் பொத்தானைத் தட்டாமல் கோடற்ற அட்டவணையைப் பயன்படுத்தினார். இடம் தேட, முன்னாய்வுப் பகுதியில் முக்கால் பக்கத்தைக் குறைத்தார். அட்டவணை ஏற்கப்பட்டது.

பெயர் என்னும் கட்டம் இதனினும் சிறியது, ஆனால் வாழ்நாள் முழுதும் தொடர்வது. தமிழர் பெயரில் முன்னெழுத்து தந்தையைக் குறிக்கும். குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. மராட்டியத்துப் பள்ளி, கல்லூரி ஆவணங்கள் குடும்பப்பெயர், தன்பெயர், தந்தைபெயர் எனக் கேட்கும். மதிப்பெண் பட்டியலில் தாயின் பெயரும் இடம்பெறும். இதனால் மும்பைத் தமிழ் மாணவர் பலருக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் மற்றொரு பெயர், உறவினர் அழைக்கும் பெயர் மூன்றாவது. கருத்தரங்க இணையப் படிவத்தில் கடைப்பெயர்க் கட்டம் நிரப்பாமல் மேலே செல்ல இயலாது. அங்கே தந்தையின் பெயரை இட்டால், பிறர் மேற்கோள் காட்டும்போது கட்டுரை தந்தையின் பெயரில் வழங்கும். மகளின் உழைப்பு நூற்பட்டியலில் தந்தையின் உழைப்பாகத் தோன்றும். முன்னெழுத்தை மட்டும் இட்டால், அவ்வோரெழுத்தே ஆசிரியர் பெயராகும். தன்பெயரையே கடைப்பெயராக இட்டு முன்னெழுத்தை முதற்பெயர்க் கட்டத்தில் இடுவதை ஆய்வாளர் பலர் கைக்கொள்கின்றனர். அவரும் அவ்வாறே செய்தார். எதைத் தேர்ந்தாலும் முதல் கட்டுரையிலேயே தேர்ந்து, எல்லாக் கட்டுரைகளிலும் அதையே பின்பற்ற வேண்டும். 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் எனும் பதினாறு இலக்க அடையாளத்தைக் கட்டணமின்றிப் பெற்று இணைத்துவிட்டால், பெயர் எத்தனை வடிவெடுத்தாலும் ஆள் ஒருவரே என்பது நிலைபெறும்.

துணைநூற்பட்டியலும் இதே கவனத்தை வேண்டுகிறது. தமிழ் நூல்களை ஆசிரியர் பெயரால் அகரவரிசைப்படுத்தும் வேலையைக் கணினியிடம் விட்டால், குறியெண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தும் மென்பொருள் தமிழ் மரபை மீறிவிடும். மரபில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன எனச் செல்லும் வரிசை, ஒருங்குறியின் குறியெண்படி ர, ற, ல, ள, ழ, வ என அமைகிறது. னகரமோ நகரத்தை அடுத்து ஏறிக்கொள்கிறது. ‘இராசமாணிக்கனார்’ இகரத்திலா, ‘ராசமாணிக்கனார்’ ரகரத்திலா என்ற வினாவுக்கு, நூலின் முகப்பில் அச்சிட்டுள்ள வடிவமே விடை. ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூலைச் சுட்டும்போது தலைப்பை மொழிபெயர்த்து மட்டும் தருவோர் உளர். அந்நூலைத் தேடிச் செல்லும் வாசகருக்கு நூலகப் பட்டியலில் அது அகப்படாது. ஒலிபெயர்ப்புத் தலைப்பு முதலிலும், மொழிபெயர்ப்பு அடைப்புக்குறிக்குள்ளும் இருத்தல் வேண்டும்.

இறுதிச் சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. பி.டி.எஃப். ஆக்கியபின், அதிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லைப் படியெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஓகார உயிர்மெய்யின் குறி, எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்பது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் ‘கோலி’, சில கோப்புகளில் படியெடுத்ததும் ‘ேகாலி’ எனச் சிதறி விழும். அத்தகைய கோப்பில் அச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. பழைய குறியேற்றங்களில் அமைந்த கோப்புகளின் நிலை இன்னும் கடினம். திரையில் செந்தமிழாக நிற்கும் பக்கம், படியெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிறது. இரண்டு தலைமுறைத் தமிழறிஞரின் கருத்தரங்க உழைப்பில் ஒரு பகுதி இவ்வாறு கண்ணுக்குத் தெரிந்தும் தேடலுக்கு எட்டாமல் கிடக்கிறது. அம்மாணவியின் முதல் கோப்பும் இச்சோதனையில் தோற்றது. கோப்பாக்கும் வழியை மாற்றிய பின்னரே சொல் முழுதாக மீண்டது.

இவையனைத்தையும் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே இரவு விழித்துக் கண்டறிய வேண்டியதில்லை. கருத்தரங்கு நடத்தும் துறைகள், தமிழுக்கும் தேவநாகரிக்கும் அளவு வகுத்த வார்ப்புரு ஒன்றை அழைப்பிதழோடு வெளியிடலாம். சுருக்கத்துக்குச் சொல்லெண்ணிக்கையோடு எழுத்தெண்ணிக்கையையும் வரம்பாகத் தரலாம். மேற்கோள் பட்டியலைப் பக்க வரம்பிலிருந்து விலக்கலாம். கடைப்பெயர்க் கட்டத்தைக் கட்டாயமற்றதாக்கலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. நெறியாளர்கள் தம் மாணவரின் முதல் கட்டுரையை வடிவம் சார்ந்தும் ஒருமுறை உடனிருந்து பார்த்தால் போதும். அடுத்த கட்டுரையை மாணவரே பார்த்துக்கொள்வார்.

அந்தக் கட்டுரை இப்போது கருத்தரங்கத் தொகுதியில் உள்ளது. நான்காம் பக்கத்தில் அட்டவணை. அதன் முதல் நிரலில் ‘கோலி’ என்னும் சொல் மூன்று வரிசைகளில் மாற்றமின்றி நிற்கிறது. அடுத்த நிரல்களில் தேவநாகரியும் ஒலிபெயர்ப்பும் மூன்றையும் வெவ்வேறாகக் காட்டுகின்றன. ளகரத்தின் கீழே புள்ளி உரிய இடத்தில் உள்ளது. சொல்லைத் தேடினால் கிடைக்கிறது.